நெத்வியெதிட்சே: கிராமமா, நகரமா, நடுவில் ஒன்றா?

கேள்வி: வண்ணை வாசகன் (பழைய வண்ணாரப்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். என் மகன் செக் குடியரசின் இரண்டாம் பெரிய நகரமான பிர்னோவில் பணிபுரிகிறான். சென்ற மே மாதம் நானும் என் துணைவியாரும் அங்கே மூன்று வாரம் தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எங்களைத் திஷ்னோவ் வழியாக ரயிலில் நெத்வியெதிட்சே என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றான். பிர்னோவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், ஸ்வ்ராட்கா ஆற்றின் பள்ளத்தாக்கில் அது இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் நெத்வியெதிச்கா என்ற ஓடை ஆற்றோடு கலக்கும் இடத்தில் ஊர் படுத்துக் கிடக்க, சற்றுத் தள்ளிக் குன்றின் மேல் பெர்ன்ஷ்டெய்ன் கோட்டை நிற்கிறது. கோட்டையைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள், நாங்களும் அதற்காகவே சென்றோம். ஆனால் ஊர் திரும்பிய பிறகு என் மனத்தில் தங்கியது கீழே இருந்த ஊர்தான்.

எங்கள் வட்டத்தின் செய்தி மடல் ஒன்றுக்காக அந்தப் பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதத் தொடங்கி, முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ஊரின் மக்கள்தொகை ஆயிரத்து முந்நூறு அளவில்தான் இருக்கும். நம் ஊர்க் கணக்கில் வண்ணாரப்பேட்டையின் ஒரு தெருவுக்கு அது காணாது. இருந்தும் அதைக் கிராமம் என்று நான் சொன்னபோது மகன் உடனே திருத்தினான். நகரமா என்றால் அதுவும் இல்லையாம். 'மியெஸ்திஸ்' என்ற தனித் தகுதி கொண்டதாம். நகரத்துக்குச் செக் மொழியில் 'மியெஸ்தோ' என்று பெயர், அதனோடு உறவுடைய சொல்லே இது என்பது வரை அவனுக்குத் தெரிந்திருந்தது.

என் ஐயங்கள் இரண்டு. இவ்வளவு சிறிய ஊருக்கு இப்படியொரு தகுதி எதனால் வந்தது, அதனால் அந்த ஊருக்கு இன்று என்ன பயன்? அடுத்து, அந்தச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது? 'சந்தை நகரம்' என்று எழுதிப் பார்த்தேன். படிப்பவர் அங்கே பெரிய சந்தை ஒன்று கூடுவதாக நினைத்துக்கொள்வார். நாங்கள் பார்த்த அன்று சதுக்கத்தில் ஒரு தக்காளிக் கூடைகூட இல்லை.

மறுமொழி: அடையாறு பொறியாளர்

வணக்கம் ஐயா. நான் பிர்னோவில் ஆறு ஆண்டுகள் இருந்தவன். அந்தப் பள்ளத்தாக்கில் மிதிவண்டியில் பல முறை சென்றிருக்கிறேன் என்பதால் முதல் ஐயத்துக்கு என்னால் இயன்ற விடையைத் தருகிறேன்.

நாம் ஊரின் தகுதியை மக்கள்தொகையை வைத்து அளந்து பழகிவிட்டோம். இடைக்கால ஐரோப்பாவில் அது உரிமையை வைத்து அளக்கப்பட்டது. குறிப்பிட்ட நாளில் சந்தை கூட்டலாம், அங்கே வருவோரிடம் வரி தண்டலாம் என்ற உரிமையை அரசரோ, அவர் இசைவோடு அப்பகுதியின் பிரபுவோ ஓர் ஊருக்கு அளித்தால், அந்த ஊர் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பிரிந்து மேலே ஒரு படி ஏறிவிடும். முழு நகரங்களுக்கு இதற்கும் மேல் சில உரிமைகள் இருந்தன. மதில் எழுப்பிக்கொள்ளலாம். பழைய மைல் ஒன்றுக்குள் (அது இன்றைய மைலைவிடப் பல மடங்கு நீளமானது) வேறு எவரும் பீர் வடிக்கவோ போட்டித் தொழில் நடத்தவோ கூடாது என்று தடுக்கும் உரிமையையும் பல நகரங்கள் வைத்திருந்தன. சந்தையூருக்குப் பெரும்பாலும் மதில் கிடையாது. பக்கத்திலேயே ஒரு பிரபுவின் கோட்டை இருக்கும், ஊர் அந்தப் பிரபுவுக்கு அடங்கியதாக இருக்கும். 1848-இல் பண்ணை ஆதிக்க முறை ஒழியும் வரை இதுதான் நிலை. நெத்வியெதிட்சேயின் நிலப்படத்தைப் பார்த்தாலே, ஊர் எதற்காக அங்கே வந்தது என்பது கோட்டையின் நிழலில் எழுதியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியில் இந்தப் பாகுபாடு தேவையற்றதாகக் கருதப்பட்டு, 1954-இல் ஆட்சியமைப்பு மாற்றப்பட்டபோது 'மியெஸ்திஸ்' வழக்கொழிந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2006-இல், சட்டத் திருத்தத்தின் மூலம் அது மீண்டும் உயிர்பெற்றது. 1954 மே மாதத்துக்கு முன்பு அந்தப் பெயரைத் தாங்கிய ஊர்கள் விண்ணப்பித்தால் நாடாளுமன்றக் கீழவையின் தலைவர் அதைத் திருப்பி அளிப்பார். இப்போது இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் அவ்வாறு பெற்றிருக்கின்றன. புதிதாக நகரத் தகுதி கேட்கும் ஊருக்கு மூவாயிரம் மக்களாவது இருக்க வேண்டும் என்பது விதி. மியெஸ்திஸுக்கு அப்படியொரு கணக்கு கேட்பதில்லை, பழைய வரலாறே போதும்.

பயன் என்ன என்று கேட்டீர்கள். நிதி ஒதுக்கீட்டில் இதனால் பெரிதாக ஒன்றும் கூடுவதாக நான் அறியவில்லை. ஊராட்சி அலுவலகத்தின் பெயர்ப் பலகை மாறும், அவ்வளவே. நம் ஊரில் ஒரு பழைய பட்டத்தைக் கோயில் மரியாதையோடு சேர்த்துக் காப்பாற்றும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதைப் போல என்றுதான் எனக்குத் தோன்றியது.

இனி நிலத்தைப் பற்றிச் சில வரிகள், ஏனென்றால் அது இல்லாமல் ஊர் விளங்காது. செக் நாட்டின் நடுவே பொஹீமியாவுக்கும் மொராவியாவுக்கும் இடையில் ஒரு மேட்டுநிலம் ஓடுகிறது. அதன் ஒரு பக்கத்தில் விழும் மழை எல்பே ஆற்றோடு வடகடலுக்கும், மறுபக்கத்தில் விழுவது தன்யூபோடு கருங்கடலுக்கும் போகிறது. ஸ்வ்ராட்கா இந்த இரண்டாம் பக்கத்து ஆறு. மேட்டில் பிறந்து, கடினப் பாறைகளை அறுத்துக்கொண்டு தென்கிழக்கே இறங்கி, பிர்னோவைத் தொட்டுச் சென்று தியெ ஆற்றில் சேர்கிறது. அது மொராவாவில் கலக்க, மொராவா தன்யூபை அடைகிறது. நெத்வியெதிட்சே இருக்கும் இடத்தில் பள்ளத்தாக்கு குறுகலானது. உழுவதற்குச் சமநிலம் குறைவு, மரமும் நீரும் கல்லும் மிகுதி. அங்கே கிடைக்கும் வெண்ணிறப் பளிங்குதான் பெர்ன்ஷ்டெய்ன் கோட்டையின் சன்னல் நிலைகளிலும் வாயில்களிலும் பதிக்கப்பட்டிருக்கிறது. ஆற்றின் போக்கில் கீழே இருக்கும் தோவ்பிராவ்னீக் என்ற மற்றொரு சந்தையூரின் தேவாலயமும் அதே கல்லால் எழுந்தது. பெர்ன்ஷ்டெய்ன் குடும்பத்தினரை அடக்கம் செய்த இடமும் அதுவே.

ஆற்றின் மேற்போக்கில் வீர் என்ற இடத்தில் 1947 முதல் 1957 வரை ஓர் அணை கட்டினார்கள். பிர்னோ பகுதியின் குடிநீருக்கு அது இன்று உதவுகிறது. அதில் ஹுதோபீன் என்ற சிற்றூர் மூழ்கிவிட்டது. கரையோரப் பாறை மேல் நின்ற ஒரு பைன் மரம் மட்டும் மிஞ்சியது. சாத்தான் இரவில் அதன் அடியில் அமர்ந்து வயலின் வாசிப்பான் என்று அவ்வூரார் சொல்லிவந்தார்களாம். அந்த மரம் 2020-இல் 'ஐரோப்பாவின் ஆண்டு மரம்' என்ற போட்டியில் முதலிடம் பெற்றது. அடுத்த முறை சென்றால் கோட்டையோடு நிறுத்திவிடாமல் அதையும் பார்த்து வாருங்கள்.

மறுமொழி: கல்வெட்டுப் பித்தன் (மாம்பலம்)

கேள்வி கேட்டவர் வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு இந்தச் சொல்லைத் தேடுகிறார் என்பதுதான் எனக்கு வியப்பு. விடை அவர் முகவரியிலேயே இருக்கிறதே ஐயா! பேட்டை.

இன்று நமக்குப் பேட்டை என்றால் நகரத்தின் ஒரு பகுதி, சினிமாப் பேச்சில் ஒருவருடைய 'ஏரியா'. ஆனால் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அந்தச் சொல்லின் பழைய பொருள், கோட்டைக்கோ ஊருக்கோ வெளியே வணிகரும் கைவினைஞரும் குடியேறிச் சந்தை கூடும் இடம் என்பதே. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்றது. ஸ்லோவாக்கியாவில் தன்யூப் சமவெளியில் இருக்கும் துனைஸ்கா ஸ்திரேதா என்ற ஊரின் பெயரில் உள்ள 'ஸ்திரேதா' புதன்கிழமையைக் குறிக்கும். அதுவும் சந்தை நாளால் வந்த பெயரே. கிழமையை ஊருக்குப் பெயராக வைக்கும் பழக்கம் இரு கண்டங்களிலும் ஒரே காரணத்தால் பிறந்திருக்கிறது.

அடையாறு நண்பர் சொன்ன 'அளிக்கப்பட்ட உரிமை' என்ற கருத்துக்கும் சென்னையிலேயே சான்று உண்டு. 1734-இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்து செல்லும் இடத்தில், வணிகர் சுங்குராமரின் தோட்டமாக இருந்த நிலத்தில், நெசவாளரைக் குடியமர்த்துவதற்காகச் சிந்தாதிரிப்பேட்டை உருவாக்கப்பட்டது. ஜார்ஜ் கோட்டைக்குத் துணி தேவைப்பட்டது. அதற்கு நூற்போரும் நெய்வோரும் வண்ணமேற்றுவோரும் ஓரிடத்தில் இருக்க வேண்டியிருந்தது. துணி வெளுப்போருக்கு உங்கள் வண்ணாரப்பேட்டை. கோட்டை ஒன்று, அதன் தேவைக்காக அருகில் பேட்டை ஒன்று என்ற அமைப்பில், பெர்ன்ஷ்டெய்னுக்கும் நெத்வியெதிட்சேக்கும் இடையே உள்ள உறவு நமக்குப் புதிதல்ல.

இன்னும் பின்னால் போனால் சோழர் காலத்தில் ஊர், சபை, நகரம் என்று மூன்று வகை அவைகள் இருந்தன. அவற்றுள் 'நகரம்' என்பது வணிகர் அவை. ஓர் இடத்தில் நகரத்தார் அவை இருந்தால் அது நகரம், இடம் எவ்வளவு சிறியதானாலும் சரி. ஆகவே மக்கள்தொகையைப் பாராமல் வணிக உரிமையைப் பார்த்துத் தகுதி சொல்லும் வழக்கம் நம்மிடமும் இருந்ததுதான். ஆனால் 'நகரம்' என்ற சொல்லின் பொருள் இப்போது முழுவதும் மாறிவிட்டதால், உங்கள் கட்டுரையில் அது உதவாது.

ஒரே ஒரு போட்டிச் சொல் உண்டு: கஸ்பா. முகலாய ஆட்சியில் கிராமத்துக்கும் பெருநகரத்துக்கும் இடைப்பட்ட சந்தையூருக்கு அதுவே பெயர். ஆம்பூரிலும் வேலூரிலும் கஸ்பா என்ற பகுதி இன்றும் இருக்கிறது. பொருள் மிக நெருக்கம். ஆனால் வட ஆர்க்காட்டைத் தாண்டினால் அந்தச் சொல்லைச் சொன்னவுடன் புரிந்துகொள்பவர் குறைவு. பேட்டையையே எழுதுங்கள்.

மறுமொழி: மயிலை ஓய்வாசிரியை

கல்வெட்டுப் பித்தன் தம்பி சொன்னதை ஒரு திருத்தத்தோடு ஏற்கிறேன். 'பேட்டை' என்று மட்டும் எழுதினால், சென்னை வாசகர் அதைப் பிர்னோ நகரின் ஒரு பகுதி என்றே நினைப்பார். 'சந்தைப்பேட்டை' என்று எழுதினாலோ, மாட்டுச் சந்தை கூடும் திடல் நினைவுக்கு வரும். ஆகவே முதல் முறை வரும் இடத்தில் 'பேட்டை என்னும் தகுதி பெற்ற சிற்றூர்' என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு பேட்டை என்று சுருக்கிக்கொள்ளலாம். 'பேரூராட்சி' என்று எழுதலாமே என்று யாரேனும் சொல்வார்கள். வேண்டாம். அது நிர்வாக அலகின் பெயர், அதில் சந்தையின் மணமே இல்லை.

நான் இங்கே எழுத வந்தது வேறொன்றைச் சொல்ல. நம் ஊரில் கிறிஸ்தவர் மட்டுமல்லாமல் மற்றவரும் பெங்களூரு விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்குப் போய் வருவதை அறிவீர்கள். தலையில் மணிமுடியும் கையில் உலக உருண்டையுமாக அங்கி அணிந்து நிற்கும் அந்தக் குழந்தை உருவத்தின் மூலம் பிராகு நகரில் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டுப் பிரபு குலத்தைச் சேர்ந்த மரியா மன்ரிக்கே தெ லாரா என்ற பெண்மணி பெர்ன்ஷ்டெய்ன் குடும்பத்தின் விராதிஸ்லாவ் என்பவரை மணந்து வந்தபோது அதைத் தம்மோடு கொண்டுவந்தார் என்பது மரபு. பிறகு அதைத் தம் மகள் பொலிக்சேனாவுக்குத் திருமணச் சீராகக் கொடுத்தார். அந்த மகள் 1628-இல் பிராகு நகரின் கார்மேல் சபைத் துறவியருக்கு அதை அளித்தார். விவேக்நகரில் மெழுகுவத்தி ஏற்றும் நம் சென்னைப் பாட்டிக்கும், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஏறிப்போன குன்றுக்கும் இப்படி ஓர் இழை இருக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. பொலிக்சேனா அந்தக் கோட்டையில் வாழ்ந்தார் என்று எழுதிவிடாதீர்கள். குடும்பத்தின் பெயர்தான் கோட்டையின் பெயர். அவர் தந்தை பொஹீமியாவின் தலைமை அமைச்சராக உயர்ந்து, லித்தோமிஷ்ல் என்ற ஊரில் அழகான மாளிகை ஒன்றைக் கட்டினார். இன்று அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. செலவாளிக் குடும்பம். அவர் மகன் காலத்தில் கடன் பெருகி, 1596-இல் பெர்ன்ஷ்டெய்ன் கோட்டையையே விற்க நேர்ந்தது. பொலிக்சேனாவோ கெட்டிக்காரர். கணவரின் லோப்கோவிட்ஸ் குடும்பத்தோடு சேர்ந்து செழித்தார். 1618-இல் பிராகுக் கோட்டையின் சன்னலிலிருந்து கிளர்ச்சியாளர் தூக்கியெறிந்த அரச அலுவலர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவரும் அவரே. முப்பதாண்டுப் போர் அந்தச் சன்னலிலிருந்துதான் தொடங்கியது.

அந்தப் போரின் இறுதியில், 1645-இல், ஸ்வீடன் படை பிர்னோவை முற்றுகையிட்டது. பெர்ன்ஷ்டெய்னையும் தாக்கியது. இரண்டையும் பிடிக்க முடியவில்லை. பிர்னோப் பேராலயத்தில் நண்பகல் மணியைப் பதினொரு மணிக்கே அடிக்கிறார்கள் அல்லவா? நண்பகலுக்குள் நகரம் விழாவிட்டால் முற்றுகையை விட்டுவிடுவேன் என்று ஸ்வீடன் தளபதி சொன்னதாகவும், நகரத்தார் ஒரு மணி முன்னதாகவே மணியை அடித்து அவரை ஏமாற்றியதாகவும் கதை. மகனிடம் கேளுங்கள், அவன் நாள்தோறும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

மறுமொழி: அடையாறு பொறியாளர்

அம்மா சொன்ன பிறகு ஊர்ப் பெயரைப் பற்றியும் ஒன்று நினைவுக்கு வந்தது. செக் மொழியில் கரடிக்கு 'மெத்வியெத்' என்று பெயர். 'மெத்' என்பது தேன், மற்றது உண்ணுதல். தேனுண்ணி என்று பொருள்படும். கரடியின் உண்மைப் பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்ற அச்சத்தில் பழைய ஸ்லாவிய மக்கள் இப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னார்கள் என்பது மொழியியலாளர் கருத்து. நம் கிராமங்களில் இரவில் பாம்பைப் பாம்பென்று சொல்லாமல் 'பூச்சி' என்பார்களே, அதே வழக்கம்தான். 'மெத்வியெத்' என்பதன் திரிந்த பழைய வடிவம் 'நெத்வியெத்'. அதிலிருந்து நெத்வியெதிட்சே. கோட்டையின் பெயரும் 'கரடிக்கல்' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் செக் வடிவம் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குடும்பத்தின் சின்னத்தில் இருப்பது கரடியல்ல, மூக்கில் வளையம் பூட்டிய காட்டெருது. கரி சுடும் தொழிலாளி ஒருவன் முரட்டு எருதை அடக்கி, மூக்கில் கொடியை மாட்டி, பிர்னோவுக்கு இழுத்துச்சென்று நிறுத்தினான், அதற்குப் பரிசாக நிலம் பெற்று அக்குலத்தின் முதல்வன் ஆனான் என்று கதை. ஏறுதழுவலைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கதையைப் புரியவைக்க அடிக்குறிப்பு தேவைப்படாது.

இன்னொரு செய்தியும் கட்டுரைக்கு உதவலாம். கோட்டைக்கு அப்பால் மேட்டுநிலத்தில், தோல்னீ ரோஷீன்கா அருகே, 1957 முதல் 2017 வரை யுரேனியம் தோண்டினார்கள். நடு ஐரோப்பாவில் கடைசியாக மூடப்பட்ட யுரேனியச் சுரங்கம் அது. சந்தை போன பின்பும் அந்தப் பகுதியில் இளைஞர்கள் தங்கியதற்குச் சுரங்கச் சம்பளமும் ஒரு காரணம் என்று அங்கிருந்த முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்.

மறுமொழி: கல்வெட்டுப் பித்தன்

பெயரைச் சொல்ல அஞ்சும் வழக்கத்துக்கு இவ்வளவு நல்ல எடுத்துக்காட்டைத் தந்த அடையாறு நண்பருக்கு நன்றி. ஓய்வாசிரியை அம்மாவின் திருத்தத்தையும் ஏற்கிறேன். ஆனால் ஒன்று: 'என்னும் தகுதி பெற்ற' என்று மூன்று சொல் சேர்ப்பதைவிட 'பேட்டையூர்' என்று ஒரே சொல்லாக எழுதினால் குழப்பமும் தீரும், ஓசையும் கெடாது.

மறுமொழி: வண்ணை வாசகன்

மூவருக்கும் மிக்க நன்றி. எழுபது ஆண்டுகளாகப் பேட்டையில் வாழ்ந்தவனுக்கு அந்தச் சொல் தோன்றாமல் போனதை எண்ணி என் துணைவியார் நேற்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தார். 'பேட்டையூர்' என்றே எழுத முடிவு செய்துவிட்டேன். முதல் வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: 'கரடியின் பெயர் தாங்கிய நெத்வியெதிட்சே, முன்னொரு காலத்தில் சந்தை கூட்டும் உரிமை பெற்று, அதை இழந்து, அந்தப் பெயரை மட்டும் மீட்டுக்கொண்ட ஒரு பேட்டையூர்.'

பதினொரு மணி அடிக்கும் செய்தியை மகனிடம் தொலைபேசியில் கேட்டேன். அங்கே சேர்ந்த புதிதில் கைக்கடிகாரம்தான் ஒரு மணி பின்தங்கிவிட்டது என்று நினைத்து, இரண்டு நாள் அலுவலகத்தில் மதிய உணவுக்கு முன்னதாகவே எழுந்து போய்விட்டதாகச் சொன்னான். ஹுதோபீன் மரத்தைப் பார்க்க, வரும் ஆண்டு மீண்டும் அழைத்துப் போவதாகவும் சொல்லியிருக்கிறான்.